ஆர்டருக்கு 2 நாளில் டெலிவரி என்கிறது ஓடூ, சரக்கோ இன்னும் கோயம்புத்தூரில்!

காக்கிபுக்கிட்_கிடங்கு:
வணக்கம். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் பம்பு உதிரிபாகம் விற்கும் சின்னக் கம்பெனியில் ஆர்டர் வேலை பார்க்கிறேன். ஆர்டர், கிடங்குக் கணக்குக்கு ஓடூ 17 மென்பொருள் பயன்படுத்துகிறோம். பேரிங், கேஸ்கெட் எல்லாம் எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) மட்டும் ஆர்டர் வந்த பிறகுதான் கோயம்புத்தூரிலிருந்து வரவழைப்போம். அதற்கு எம்டிஓ ரூட், அதாவது விற்பனை ஆர்டர் வந்ததும் தானாகக் கொள்முதல் ஆர்டர் உருவாக்கும் அமைப்பு, போட்டிருக்கிறது. வெண்டர் (சப்ளையர்) விவரத்தில் லீட் டைம், அதாவது சரக்கு வர ஆகும் நாள், 28. அப்படியும் ஜூலை 6 உறுதி செய்த ஆர்டருக்கு ஜூலை 8 டெலிவரி என்கிறது. தானாக உருவான பர்ச்சேஸ் ஆர்டரைத் திறந்தால், ஆர்டர் போடவேண்டிய கடைசித் தேதி ஜூன் 10 என்று சிவப்பில் நிற்கிறது. சேல்ஸ் ஆட்கள் அந்த 8ஆம் தேதியை அப்படியே வாட்ஸப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த 28 நாளை எங்கே போட வேண்டும்?

துவாஸ்_சப்ளைசெயின்:
பொருள் பக்கத்தில் இன்வென்டரி டேபைத் திறந்து பாருங்கள். கஸ்டமர் லீட் டைம் (வாடிக்கையாளருக்குச் சொல்லும் டெலிவரி நாள்) 2 என்று இருக்கும்.

வாடிக்கையாளருக்கான டெலிவரித் தேதியைக் கணக்கிட ஓடூ பார்ப்பது அது ஒன்றைத்தான். ஆர்டர் தேதியோடு அந்த 2 நாளைக் கூட்டும், அவ்வளவுதான். வெண்டரின் 28 அதில் சேராது. அது பின்னோக்கிப் போகும் கணக்கு: ஜூலை 8 அன்று சரக்கு கையில் இருக்க வேண்டுமென்றால் எப்போது ஆர்டர் போட்டிருக்க வேண்டும்? 28 நாள் முன்னால், ஜூன் 10. கணக்கு சரி, தேதிதான் கடந்துபோய்விட்டது. அதனால்தான் சிவப்பு.

இம்பெல்லருக்குக் கஸ்டமர் லீட் டைமை 35 ஆக்குங்கள். வெண்டருக்கு 28, சரக்கை இறக்கிச் சரிபார்த்து அனுப்ப மீதி 7. ஸ்டாக் சாமானுக்கு 2 அப்படியே இருக்கட்டும். ஏற்கெனவே போட்ட கொட்டேஷன்கள் இதனால் மாறாது. ஆர்டரில் பொருள் பட்டியலில் லீட் டைம் என்று மறைந்திருக்கும் நெடுவரிசையைத் தெரியும்படி செய்து, அங்கே கையால் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய_பர்ச்சேஸ்_ஆள்:
அதற்கு முன்னால் ஒரு கேள்வி தம்பி. அந்த 28 எங்கிருந்து வந்த எண்? கோயம்புத்தூர்க்காரர் சொல்லும் நாள் பெரும்பாலும் அவர் ஃபேக்டரி வாசல் வரைக்கும்தான். அங்கிருந்து கொச்சியோ தூத்துக்குடியோ போய், கப்பல் கிடைத்து, இங்கே ட்ரேட்நெட் என்ற சுங்க இணையதளத்தில் இறக்குமதி பெர்மிட் எடுத்து, அப்புறம்தான் உங்கள் ரேக்குக்கு வரும். பொங்கல் வாரத்தில் அங்கே யாரும் போன்கூட எடுக்க மாட்டார்கள். போன சில ஆர்டர்களில் பர்ச்சேஸ் ஆர்டர் உறுதி செய்த தேதிக்கும் சரக்கு இறங்கிய தேதிக்கும் என்ன இடைவெளி என்று பார்த்து அந்த எண்ணைப் போடுங்கள். சப்ளையர் வாய்ச்சொல்லை சிஸ்டத்தில் ஏற்றினால் சிஸ்டமும் அதையேதான் திருப்பிச் சொல்லும்.

காக்கிபுக்கிட்_கிடங்கு:
நன்றி அண்ணா. அது ஃபேக்டரி வாசல் கணக்குதான், இப்போதுதான் கேட்டு உறுதி செய்தேன். சோதனைக்காகக் கஸ்டமர் லீட் டைமை 35 ஆக்கினேன், இம்பெல்லர் தனியாக வரும் ஆர்டரில் தேதி சரியாக வருகிறது. ஆனால் பேரிங்கும் இம்பெல்லரும் ஒரே ஆர்டரில் வந்தால், அதர் இன்ஃபோ டேபில் மறுபடியும் 2 நாள் தள்ளித்தான் எதிர்பார்க்கும் தேதி என்கிறது.

துவாஸ்_சப்ளைசெயின்:
ஷிப்பிங் பாலிசியைப் பாருங்கள், அதே டேபில் இருக்கிறது. முடிந்த அளவு சீக்கிரம் என்று இருந்தால், ஆர்டரில் உள்ள பொருள்களின் தேதிகளில் முதலில் வருவதை எடுக்கும். எல்லாம் தயாரான பிறகு என்று மாற்றினால் கடைசியாக வருவதை எடுக்கும்.

இதில் இன்னொரு வில்லங்கம். சேல்ஸ் ஆள் கையால் டெலிவரி டேட் போடும்போது, எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தியதாக இருந்தால் ஓடூ எச்சரிக்கும். முதல் பாலிசியில் பேரிங்கின் தேதியோடுதான் ஒப்பிடும். இம்பெல்லருக்குச் சாத்தியமே இல்லாத தேதியைப் போட்டாலும் வாயே திறக்காது. கலந்த ஆர்டர்களை இரண்டாகப் பிரிக்க வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் அதுதான் நிம்மதி.

பழைய_பர்ச்சேஸ்_ஆள்:
விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் லீட் டைம் காலண்டர் நாள்தான், வேலை நாள் இல்லை. 2026இல் ஆகஸ்ட் 7 வெள்ளி. அன்று 2 நாள் பொருளுக்கு ஆர்டர் உறுதி செய்தால் ஆகஸ்ட் 9, தேசிய தினத்தன்று டெலிவரி என்று வரும். அது ஞாயிறு என்பதால் 10 திங்களும் விடுமுறை.

காக்கிபுக்கிட்_கிடங்கு:
அதற்கு செக்யூரிட்டி லீட் டைம் (தாமதம் ஆகாமலிருக்க வைக்கும் முன்னெச்சரிக்கை நாள்) போட்டால் சரியாகுமா? ஜூரோங் தீவு வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், பாஸ் இல்லாமல் லாரி உள்ளே போகாது. அவர்களுக்கும் கூடுதல் நாள் வேண்டும்.

துவாஸ்_சப்ளைசெயின்:
ஆகாது. விற்பனைக்கான செக்யூரிட்டி லீட் டைம் கம்பெனி முழுவதற்கும் ஒரே எண். வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியை அது மாற்றாது. கிடங்கு அனுப்பவேண்டிய தேதியைத்தான் முன்னால் இழுக்கும். 2 போட்டால் பக்கத்துத் தெரு வாடிக்கையாளரின் சரக்கையும் 2 நாள் முன்னாலேயே எடுத்துவைக்கச் சொல்லும். ஜூரோங் தீவு ஆர்டருக்கும் விடுமுறையை ஒட்டி வரும் ஆர்டருக்கும் டெலிவரி டேட்டைக் கையால் போடுங்கள், வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

காக்கிபுக்கிட்_கிடங்கு:
சரி. எம்டிஓ பொருள்களை எக்ஸ்போர்ட் செய்து எக்செலில் திருத்தி ஏற்றிவிட்டேன். அண்ணா சொன்ன கணக்கில் வெண்டர் நாள் 42, அதோடு 7 சேர்த்துக் கஸ்டமர் லீட் டைம் 49. கலந்த ஆர்டருக்குப் பாலிசியை மாற்றினேன், இப்போது பிந்திய தேதி வருகிறது. சேல்ஸில் ஒருவர் "49 நாளா?" என்று போன் செய்து கத்தினார். அவரைக் கோயம்புத்தூருக்குப் பேசச் சொல்லிவிட்டேன்.