குடும்பக் குழுவில் ஒரு ‘வென்’ வரி

முகில், இரவு 9.10
அக்கா, மூன்று சர்வர்களில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை நிறுவ, சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவியான ஆன்சிபிளில் பிளேபுக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) எழுதினேன். அதன் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு இருக்கிறதா என்று ஸ்டாட் மூலம் பார்த்து, விடையை ரெஜிஸ்டர் செய்து (ஒரு பெயரில் சேமித்து), கோப்பு இல்லையென்றால் மட்டும் வேறொரு கோப்பிலுள்ள நிறுவும் வேலைகளை இம்போர்ட் டாஸ்க்ஸ் வழியாகச் சேர்க்கும்படி வென் வரியில் நிபந்தனை போட்டிருந்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் உபுண்டு சர்வர்கள் இரண்டும் என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கத்தையே காட்டுகின்றன, மூன்றாவதான ராக்கி லினக்ஸ் சர்வரில் சேவை ஓடவே இல்லை.

கவிதா, 9.14
நிறுவிய பிறகு மறுபடியும் ஸ்டாட் போட்டு, அதே பெயரில் ரெஜிஸ்டர் செய்திருக்கிறாயா?

முகில், 9.15
ஆம் அக்கா, சரிபார்ப்பதற்காகச் செய்தேன். அதற்குப் பின்னுள்ள டெம்ப்ளேட்டும் (நம் கான்ஃபிக்கை சர்வரில் எழுதும் வேலை) சேவையைத் தொடங்கும் வேலையும் ‘ஸ்கிப்பிங்’ என்று வந்தன.

சித்தப்பா, 9.19
நான் ஷெல் ஸ்கிரிப்ட் காலத்து ஆள். ‘இஃப்’ என்றால் வாசலில் ஒருமுறை கேட்டுவிட்டு உள்ளே விட்டுவிடும். உள்ளே போனவனை இது எப்படி நடுவில் நிறுத்துகிறது?

கவிதா, 9.24
சித்தப்பா, இம்போர்ட் டாஸ்க்ஸில் வாசலே கிடையாது. பிளேபுக்கைப் படிக்கும்போதே அந்தக் கோப்பின் வேலைகள் விரிக்கப்பட்டு, ஒவ்வொன்றோடும் அதே நிபந்தனை ஒட்டப்பட்டுவிடுவதால், ஒவ்வொரு வேலைக்கு முன்னும் கேள்வி புதிதாகக் கேட்கப்படும். இரண்டாவது ஸ்டாட் ‘கோப்பு இருக்கிறது’ என்று விடையை மாற்றியதும் மிச்சமெல்லாம் தவிர்க்கப்பட்டன. உபுண்டுவில் பேக்கேஜை நிறுவியதுமே சேவை தானாகத் தொடங்கும், ராக்கியில் தொடங்காது. ஒரே கோளாறு இரண்டாகத் தெரிந்தது அதனால்தான்.

முகில், 9.26
அப்படியானால் வேலைகளை ஒன்றாகக் கட்டும் பிளாக்கில் வைக்கலாமா?

கவிதா, 9.31
பிளாக்கிலும் இதே கதைதான். வேலைக் கோப்பை ஓடும்போது சேர்க்கும் இன்க்ளூட் டாஸ்க்ஸ்தான் சித்தப்பா சொன்ன வாசல். ஒருமுறை மட்டும் கேட்கும். ஆனால் என்னைக் கேட்டால் அந்த நிபந்தனையையே எடுத்துவிடு. மென்பொருளை நிறுவும் பேக்கேஜ் மாட்யூல் ஏற்கெனவே நிறுவியதை மறுபடி நிறுவாது. மாறாக, நிபந்தனை இருந்தால், நாளை நீ டெம்ப்ளேட்டைத் திருத்தினாலும், கோப்பு முன்பே இருப்பதால் திருத்தம் சர்வருக்குப் போய்ச் சேராது. டெம்ப்ளேட் மாறியபோது மட்டும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ய நோட்டிஃபை போட்டு ஹேண்ட்லரிடம் (மாற்றம் வந்தால் மட்டும் ஓடும் வேலை) விடு. ஃபயர்வால்டி என்ற ஃபயர்வாலில் வெப்புக்கான 80ஆம் போர்ட்டைத் திறப்பது ராக்கிக்கு மட்டும் என்பதால், வென் அங்கே இருக்கட்டும்.

முகில், 10.02
அப்படியே மாற்றினேன், மூன்றிலும் நம் பக்கம் வந்துவிட்டது. இரண்டாம் முறை ஓட்டியபோது மூன்றுக்கும் ‘சேஞ்ச்டு’ (மாறிய வேலைகள்) 0.

சித்தப்பா, 10.05
உபுண்டு இரண்டிலும் ‘ஸ்கிப்ட்’ 1 வந்திருக்க வேண்டுமே?

முகில், 10.06
வந்தது சித்தப்பா, அது ஃபயர்வால் வேலை.