உயிர்வாழும் உரிமை அரசியலமைப்பு தந்ததா, அதற்கு முன்பே உள்ளதா?

வைகைக்கரை:
மனித உரிமை பிறப்போடு வருவது, பறிக்க முடியாதது என்கிறோம். ஆனால் நெருக்கடி நிலையில், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவைச் சொல்லி நீதிமன்றம் போகவே முடியவில்லை. 1976-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பிறகு என்ன 'பறிக்க முடியாதது'? நானே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தால் போய்விடுமா?

கருப்பு அங்கி:
நெருக்கடி நிலையின்போது வந்த 27.6.1975 குடியரசுத் தலைவர் ஆணையின் வாசகம் முக்கியம். நெருக்கடி நிலையில் உரிமைகளுக்காக வழக்குப் போடுவதை நிறுத்திவைக்க இடம் தரும் 359-ஆவது பிரிவின்கீழ் வந்த அது 14 (சமத்துவம்), 21, 22 (கைதானவருக்கான காப்பு) பிரிவுகளை ரத்து செய்யவில்லை. அவற்றுக்காக நீதிமன்றக் கதவைத் தட்டுவதைத்தான் நிறுத்தியது. நீங்கள் சொன்ன 1976 தீர்ப்பான ஜபல்பூர் வழக்கில் 5 நீதிபதிகளில் 4 பேர், ஆணை அமலில் உள்ளவரை ஆட்கொணர்வு மனு (காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு) போட முடியாது என்றார்கள். காவலர் ஒருவர் சட்டவிரோதமாகக் கொன்றாலும் நிவாரணம் இல்லையா என்று அந்த அமர்வின் ஐந்தாவது நீதிபதி எச்.ஆர். கன்னா விசாரணையில் கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அரசுக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல். உரிமையின் ஊற்று அரசு எழுதிய தாள் மட்டுமே என்றால் அந்த வாதம் போய் நிற்கும் இடம் அதுதான்.

கன்னா மட்டும் மாறுபட்டார்: 21 இல்லாவிட்டாலும் சட்டத்தின் அதிகாரமின்றி ஓர் உயிரை அரசு தொட முடியாது. 1977-இல் அவரைத் தாண்டி, பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்தவர் தலைமை நீதிபதியானார். கன்னா சொன்னதே சரி என்று சொல்ல 2017-இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கின் 9 நீதிபதிகள் அமர்வு வர வேண்டியிருந்தது.

நடைபாதை:
கையெழுத்து விஷயத்துக்கு ஓல்கா டெல்லிஸ் வழக்கு (1985). பம்பாய் நடைபாதைவாசிகள், குடிசை போட அடிப்படை உரிமை கோரமாட்டோம் என்று உயர் நீதிமன்றத்தில் உறுதி கொடுத்திருந்தார்கள். மாநகராட்சி அதையே ஆயுதமாக எடுத்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை: அடிப்படை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்து இழக்க முடியாது. பிழைப்பும் 21-இல் அடங்கும் என்றது. ஆனாலும் குடிசைகளை அகற்றும் அதிகாரம் செல்லும் என்றே முடிந்தது, கிடைத்தது 31.10.1985 வரை அவகாசம். உரிமை நின்றது, கூரை நிற்கவில்லை. இந்த இடைவெளியை மறைத்துப் பேசக்கூடாது.

வைகைக்கரை:
நன்றி. இன்று மறுபடி 21-ஐ நிறுத்த முடியுமா?

கருப்பு அங்கி:
முடியாது. 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு 359-ஆல் 20 (குற்றம் சாட்டப்பட்டவருக்கான காப்பு), 21 இரண்டையும் தொட முடியாது. 22-க்கு அந்தக் காப்பு இல்லை. அமைதிக் காலத்திலேயே, தடுப்புக் காவலில் (குற்றம் செய்யவிடாமல் தடுக்க, விசாரணையின்றி வைக்கும் காவலில்) வைக்கப்பட்டவருக்கு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி பொருந்தாது. 22(3) அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் தடுப்புக் காவல் சட்டமான குண்டர் சட்டத்தில் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அந்த ஆணைகள் பெரும்பாலும் உடைவது நடைமுறைப் பிழையில். காவலில் உள்ளவருக்குக் கொடுத்த ஆவண நகல்களில் படிக்க முடியாத பக்கம், அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லாத பக்கம் உண்டா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அரசுக்கு அனுப்பிய முறையீடு எந்த மேசையில் எத்தனை நாள் காரணமில்லாமல் கிடந்தது என்று தேதிவாரியாக எண்ணுங்கள்.