எம்பதி டெஸ்ட்டில் மார்க் குறைந்தால் இரக்கம் இல்லாதவன் என்று அர்த்தமா?

காட்டுக்குப்பம் பையன்:
எனக்கு ஆட்டிசம். பெரியவனான பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ஒரு கம்பெனியில் கணக்கு வேலைக்குப் போட்டிருந்தேன். எழுத்துத் தேர்வில் பாஸ். அடுத்து எமோஷனல் இன்டெலிஜென்ஸ் டெஸ்ட் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். மார்க் குறைவு, டீமில் ஒத்துவராது என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் இந்த வகை டெஸ்ட்களைத் தேடிப் படித்தேன். அதிகம் பேசப்படுவது எம்பதி கோஷன்ட். எம்பதி என்றால் பிறர் மனதைப் புரிந்து, அவர் உணர்வில் பங்குகொள்வது; அதை அளக்கும் கேள்வித்தாள் இது. கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹனும் சாலி வீல்ரைட்டும் 2004-ல் வெளியிட்டது. 60 வாக்கியங்கள், அதில் 40-க்குத்தான் மார்க், மொத்தம் 80. அவர்கள் சோதித்த ஆட்டிஸ்டிக் பெரியவர்களில் 81 சதவீதம் பேர் 30-ஐத் தாண்டவில்லை. மற்றவர்களில் 12 சதவீதம்தான் அப்படி. இந்தக் கணக்கை வைத்துத்தான் எங்களுக்கு இரக்கமே கிடையாது என்று ஊரெல்லாம் எழுதுகிறார்கள்.

கேள்விகளைப் பாருங்கள். முடி வெட்டிக்கொண்டு வந்தவர் ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால், பிடிக்காவிட்டாலும் உண்மையைச் சொல்வேன் என்று ஒரு வாக்கியம். ஆமாம் என்றால் மார்க் கிடையாது. இன்னும் பல, மற்றவர் மனதை நான் சட்டென்று கண்டுபிடித்துவிடுவேனா என்று என்னையே கேட்கின்றன. சின்ன வயதிலிருந்து ‘உனக்கு ஒண்ணும் புரியாது’ என்று திட்டு வாங்கியவன் எதை டிக் செய்வான்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. எங்கள் மாமாவின் வலை முழுக்கக் கறுப்பு. கையால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். எல்லோரும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு வாயே வரவில்லை. பக்கத்திலேயே நின்றேன். ராத்திரி உட்கார்ந்து அவருக்கும் தெருவில் கேட்டவர்களுக்கும் நிவாரண மனு எழுதினேன், படகு நம்பர், வலை அளவு எல்லாம் சரிபார்த்து. இதற்கு எந்த டெஸ்ட்டில் மார்க்?

தண்டையார்பேட்டை அம்மா:
தம்பி, படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் டெஸ்ட்டே வேண்டாம் என்கிற மாதிரி பேசாதீர்கள். என் மாமியார் இறந்தபோது, மேளச் சத்தத்தில் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சொந்தக்காரர்கள் கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். எனக்கே சந்தேகம் வந்தது. மதிப்பீடு செய்த மேடம்தான், அவனுக்குச் சத்தம் தாங்கவில்லை, பதற்றம் சிரிப்பாக வருகிறது என்று உட்கார்ந்து விளக்கினார். டெஸ்ட் இல்லையென்றால் இன்றைக்கும் அவனை அடித்துக்கொண்டிருப்போம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அதுதானே கேட்கிறார்கள்? ஆட்டிசத்தை அளக்க இங்கே வைத்திருக்கும் இசா (ISAA) அளவுகோலில் 40 அம்சம், 70-ஓ அதற்கு மேலோ வந்தால்தான் ஆட்டிசம் என்று எழுதுவார்கள். மார்க் இல்லாமல் எந்த உதவியும் கைக்கு வராது.

காட்டுக்குப்பம் பையன்:
அக்கா, அந்த மேடம் உங்களுக்கு உதவியது மார்க்கால் இல்லை. உங்கள் மகனைப் பார்த்து, உங்களிடம் கேட்டு, ஏன் சிரித்தான் என்று யோசித்திருக்கிறார். எனக்கு அதைச் செய்ய அங்கே ஆளே இல்லை. ஸ்கிரீனில் ஒரு நம்பர் வந்தது, கதவைக் காட்டினார்கள்.

கொருக்குப்பேட்டை உளவியல்:
நான் இந்தத் துறையில் இருப்பவன். ஒன்றைத் தெளிவாகப் பேசுவோம். மற்றவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, அவர் வலியைப் பார்த்து நமக்கும் வலிப்பது வேறு. ஆட்டிசத்தில் முதலாவதுதான் பெரும்பாலும் சிரமம். பேரன்-கோஹனே இதைச் சொல்கிறார். அதனால் டெஸ்ட்டைப் பொய் என்று ஒதுக்க முடியாது. சராசரியில் வித்தியாசம் வருகிறது, அது உண்மை.

பெரம்பூர் தோழி:
சார், சராசரிக்குள் நான் எங்கே இருக்கிறேன்? எனக்கு மார்க் அதிகம். அதனாலேயே ‘உங்களுக்கு ஆட்டிசம் இருக்காது’ என்று திருப்பி அனுப்பினார்கள். ஸ்கூலில் யாரோடும் ஒட்டாமல் போனதால் முகங்களைப் பாடமாகப் படித்தவள் நான். புருவம் இப்படி இருந்தால் கோபம், வாய் இப்படி இருந்தால் சங்கடம். கண்களை மட்டும் காட்டி உணர்ச்சியைக் கேட்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதே, 36 கறுப்பு வெள்ளைப் படம், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள், அதில் எனக்கு நல்ல மார்க். வீட்டுக்கு வந்து இருட்டில் படுத்துக்கிடந்ததை யாரும் அளக்கவில்லை.

இன்னொன்று. சொந்த உணர்ச்சி என்னவென்றே சொல்லத் தெரியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ள பலருக்கு உண்டு, இல்லாதவர்களுக்கும் உண்டு. நெருங்கியவருக்கு வலி வரும்போது மூளை எப்படி எதிர்வினை செய்கிறது என்று 2010-ல் ஜெஃப்ரி பேர்ட் ஆய்வுக் குழு ஸ்கேன் செய்தது. எதிர்வினை குறைந்தது அலெக்ஸிதைமியாவின் அளவைப் பொறுத்து, ஆட்டிசத்தைப் பொறுத்து இல்லை. நீங்கள் சொல்லும் சராசரியில் இரண்டும் கலந்து கிடக்கிறது சார்.

கொருக்குப்பேட்டை உளவியல்:
பேர்ட் ஆய்வு முக்கியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் கொஞ்சம் பேர். அதை வைத்து மீதி எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது.

விம்கோ நகர் எச்.ஆர்:
கம்பெனி பக்கமிருந்தும் ஒருவர் பேச வேண்டும். வாடிக்கையாளர் கோபமாக இருப்பதே தெரியாதவரை முன்னால் உட்கார வைத்தால் பாதிப்பு எல்லோருக்கும். இன்டர்வியூவில் எங்கள் ஆட்களுக்குப் பிடித்த முகம், பிடிக்காத முகம் என்று இருக்கும். டெஸ்ட்டாவது எல்லோருக்கும் ஒரே கேள்வி. அந்த வகையில் நியாயம்தானே?

காட்டுக்குப்பம் பையன்:
நான் கேட்டது கணக்கு வேலை, கவுன்டர் வேலை இல்லை. பிடித்த முகம் பற்றி நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. 2017-ல் சாசன் என்ற ஆய்வாளரின் குழு அதையே பார்த்தது. ஆட்டிஸ்டிக் ஆள் பேசுவதை வீடியோவிலோ குரலிலோ கொஞ்ச நேரம் காட்டினாலே, ஆட்டிசம் இல்லாதவர்கள் இவரோடு பழக விருப்பமில்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வெறுப்பு காணவில்லை. அப்படியென்றால் புரிந்துகொள்ளாதது யார்? டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிஸ்டிக்தான், 2012-லேயே இந்தப் புரியாமை இரண்டு பக்கமும் உள்ள சிக்கல் என்று எழுதினார். 2020-ல் கேத்தரின் கிராம்ப்டன் ஆய்வுக் குழு ஒரு கதையை ஆள் மாற்றி ஆள் சொல்ல வைத்தது. எங்கள் ஆட்களுக்குள்ளே சொன்னபோது, உங்கள் ஆட்களுக்குள்ளே சொன்ன அளவுக்கே கதை போய்ச் சேர்ந்தது. கலந்து உட்கார்ந்தபோதுதான் பாதியில் கழன்றது. உங்களுக்கு எங்களைப் புரிகிறதா என்று எந்தக் கம்பெனி டெஸ்ட் வைக்கிறது?

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஒரு வாரம் வேலை கொடுத்துப் பாருங்கள். கணக்கு சரியாக வருகிறதா, பக்கத்து சீட்காரருக்கு என்னால் தொந்தரவா, நேரில் தெரிந்துவிடும்.

விம்கோ நகர் எச்.ஆர்:
ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு வாரம் கொடுக்க முடியாது. கணக்கு வேலைக்கு அந்த டெஸ்ட் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

தண்டையார்பேட்டை அம்மா:
எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. அடுத்த மாதம் மகனுக்கு மறுமதிப்பீடு, கட்டாயம் போவோம். ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. அங்கே ‘பிறர் அழுதால் கண்டுகொள்வானா’ என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அழுகிறவர் பக்கத்தில் போய் உட்காருவான், தொடமாட்டான், பேசமாட்டான்.

காட்டுக்குப்பம் பையன்:
இப்போது எழுதியதை அப்படியே சொல்லுங்கள் அக்கா. ஆமாம், இல்லை என்று மட்டும் குறித்துக்கொண்டால் விடாதீர்கள். எப்போது, யார் அழுதபோது, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்ப் படிவத்தோடு வைக்கச் சொல்லுங்கள். எழுதுவதில் உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.