கழுத்துப் பட்டிக்குள் இரண்டு வார்த்தை

நான்: 📷 எங்கள் சார்லட் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பேந்தர்ஸ் ஜெர்சி வாங்கியாச்சு! நம்பர் 51, சாம் மில்ஸ்.

அத்தை: கழுத்துக்கு உள்பக்கம் என்னமோ எழுதியிருக்கிறதே?

நான்: 'கீப் பவுண்டிங்' அத்தை. இடித்துக்கொண்டே இரு என்று அர்த்தம். அவர் சொன்னதுதான்.

அத்தை: என்னத்தை இடிக்க? மிளகாய்ப்பொடியா?

சின்ன மாமா: யாருடா அவர்?

நான்: லைன்பேக்கர் மாமா. முன்வரிசை ஆட்கள் முட்டி மோதுவார்கள். இவர் அவர்களுக்குப் பின்னால் நின்று, பந்து யார் கைக்குப் போகிறது என்று மோப்பம் பிடித்து, வருகிறவனை மடக்கிப் போட வேண்டும்.

சின்ன மாமா: அப்போ மலை மாதிரி இருப்பாரே.

நான்: கதையே அதுதான். 5 அடி 9 அங்குலம். 1981-ல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி பயிற்சிக்குக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. கனடாவில் டொராண்டோ அணியும் வேண்டாம் என்றது. நியூ ஜெர்சியில் பள்ளிக்கூட வாத்தியாராகி போட்டோ எடுக்கவும் மரவேலையும் சொல்லிக்கொடுத்தார்.

பாப்பு: என்னைவிட ரெண்டே இன்ச்தான் அதிகம் 😂

நான்: எடை நூறு கிலோவுக்கு மேல், பாப்பு.

பாப்பு: 🏃

நான்: 1983-ல் யூஎஸ்எஃப்எல் என்று புது லீக் வந்தது. ஃபிலடெல்ஃபியா ஸ்டார்ஸில் சேர்ந்தார். பட்டப்பெயர் வயலெலி! அங்கே கோச் ஜிம் மோரா. அவர் 1986-ல் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸுக்குப் போனபோது இவரையும் கையோடு கூட்டிப்போனார். அப்புறம் என்எஃப்எல்லில், அதாவது அங்கே இருக்கிற பெரிய லீக்கில், 12 சீசன். எங்கள் சார்லட் அணி 1995-ல் முதன்முதலாக ஜெயித்த மேட்ச்சில் பந்தைப் பறித்து 36 கெஜம் ஓடினார். அப்போது வயதும் 36.

பெரியப்பா: இப்போது எங்கே இருக்கிறார்?

நான்: 2005-ல் இறந்துவிட்டார் பெரியப்பா. 45 வயதுதான். குடலில் புற்றுநோய். 2003-ல் தெரிந்தது. கீமோ எடுத்துக்கொண்டே பேந்தர்ஸ் லைன்பேக்கர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். 2004 ஜனவரியில் டல்லாஸோடு பிளேஆஃப், தோற்றால் வெளியே போகிற மேட்ச். அதற்கு முன்னால்தான் பசங்களிடம் பேசினார். நோய் என்று தெரிந்ததும் தன் முன்னால் இரண்டே வழி, விட்டுவிடுவது அல்லது இடித்துக்கொண்டே இருப்பது என்றார்.

பெரியப்பா: 🙏

சின்ன மாமா: ஜெயித்தார்களா இல்லையா?

நான்: அதை ஜெயித்தார்கள். சூப்பர் பவுல் என்கிற ஃபைனல் வரை போய் 29-32 என்று தோற்றார்கள். கடைசி 4 விநாடி இருக்கும்போது எதிரணி பேட்ரியட்ஸ் உதைத்த கோல் மாமா, இங்கே இன்னும் அதைப் பேசினால் முகம் வாடிவிடும். மில்ஸை ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலில், சேர்த்ததே 2022-ல்தான். ஆள் போய் 17 வருடம் கழித்து! எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தை: பாவம்டா. அந்தச் சட்டையை முதல் தடவை தனியாக ஊறவை, நீலம் சாயம் விடும். கழுத்துப் பட்டியில் பிரஷ் போட்டுத் தேய்க்காதே, எழுத்து போய்விடும்.