"சொல்லியாச்சு"ன்னு எழுதி வச்சு மாட்டிக்கிட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மண்டபம் கணக்குப்பிள்ளை:
மீன்பிடித் தடைக்காலத்து வேலை எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏப்ரல் 15ல ஆரம்பிச்சா ஜூன் 14க்குள்ள அத்தனையும் முடியணும். எங்க சம்மாட்டிக்கு, அதான் படகு முதலாளிக்கு, அஞ்சு விசைப்படகு. பலகை மாத்த ஆசாரி, இன்ஜினுக்கு மெக்கானிக், பெயிண்ட், வலை, மீன்துறை ஆய்வுக்குப் பேப்பரு. எல்லாத்துக்கும் நான் ஒருத்தன், டைரி ஒண்ணு. படகுக்கு ஒரு பக்கம். முடிஞ்சா டிக். ஆள்கிட்ட சொல்லிட்டா ஓரத்துல "சொல்லியாச்சு".

ஜூன் 14 ராத்திரி, ஐஸ் ஏத்தி டீசலும் புடிச்சாச்சு. மூணாவது படகுல இன்ஜின் ரூமுக்குள்ள இறங்குன பையன் "அண்ணே, தண்ணி கெடக்கு"ன்னான். செல் வெளிச்சத்துல பார்த்தா கணுக்கால் அளவு. மேல எண்ணெய் படிஞ்சு மினுங்குது, அதுல ஒரு பீடிக்கட்டு சுத்திச் சுத்தி வருது. காத்தாடி சாஃப்ட் வெளிய போற எடத்துல தண்ணி உள்ள வராம அடைக்கிற கிளாண்ட் கயிறு மாத்தவே இல்ல. டைரியைப் புரட்டுனா மூணு வாரத்துக்கு முந்தியே என் கையெழுத்துல இருக்கு: "கிளாண்ட் கயிறு, சொல்லியாச்சு". மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்துல, "என்கிட்ட எப்பண்ணே சொன்னீங்க? ஆசாரிகிட்ட சொல்லியிருப்பீங்க"ன்னான்.

யார்கிட்ட சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. அந்தப் பீடிக்கட்டு மட்டும் கண்ணுக்குள்ளயே சுத்துது.

கீழக்கரை மருமகள்:
எனக்கு இது டிரெல்லோவுலயே நடந்துச்சு, வேலையைக் கார்டு கார்டா வரிசையில போட்டு வைக்கிற ஆப்பு அது. சென்னை கம்பெனி, வீட்டுல இருந்து வேலை, ஒரே நேரத்துல நாலு பிராஜெக்ட். "கிளையண்ட் பதில் வரணும்"னு ஒரு வரிசை வச்சிருந்தேன். ஒரு கார்டு 19 நாள் அதுலயே கெடந்துச்சு. தினமும் காலையில பார்ப்பேன், "நம்ம கையில இல்ல"ன்னு நிம்மதியா அடுத்ததுக்குப் போயிருவேன். அன்னிக்குக் கச்சான் காத்துல கரண்ட் போயி, மொட்டை மாடியில துணி காயப் போடுற கம்பிக்குக் கீழ நின்னு செல்லுலயே கால் பேசினேன். அந்தப் பக்கத்து அம்மா ரொம்ப மரியாதையா, "நாங்க உங்க பதிலுக்குத்தாங்க காத்திருக்கோம்"னாங்க. ரெண்டு பக்கமும் 19 நாள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு. கீழ இறங்கி வந்ததும் வாப்பா, "என்னம்மா, முகம் வெளிறிப் போயிருக்கு"ன்னாங்க.

தொண்டி ரிட்டயர்டு:
இதுக்குத்தான் ஆப்பு கீப்பு வேண்டாம்ங்கிறது. நானும் ஆபீஸ்ல ஒரு ஃபைலைத் தொலைச்சிருக்கேன். ஒரு மாசம் தேடி, கடைசியில என் நாற்காலிக்கு மேலயே, முதுகுக்கு அண்டக் கொடுத்த கட்டுல இருந்துச்சு. அதை விடுங்க.

தம்பி மண்டபம், உங்க தப்பு டைரியில இல்ல, அந்த ஒத்த வார்த்தையில இருக்கு. "சொல்லியாச்சு"ன்னா வேலை உங்க தலையை விட்டு இறங்கிருச்சு, ஆனா இன்னொருத்தர் தலையில ஏறலை. டேவிட் ஆலன்னு ஒரு அமெரிக்கர் 2001லயே இதைப் புத்தகமா எழுதிட்டாரு. அடுத்தவங்க கையில இருக்குற வேலைக்குத் தனிப் பட்டியல் போடு, அதை வாரம் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கிறாரு. நான் அதுல ரெண்டு சேர்த்துக்குவேன்: யார்கிட்ட, எந்தத் தேதியில திரும்பக் கேட்கணும். தேதி போடாத பட்டியல் பழைய காலண்டர் மாதிரி. இன்னொண்ணு, அஞ்சு படகையும் ஒரே நாள்ல திறக்காதீங்க. டொயோட்டாவுல ஓனோங்கிறவரு கொண்டாந்த கான்பான் முறையில, அட்டை இல்லாம அடுத்த சாமான் நகராது. கான்பான்னாலே ஜப்பான் மொழியில அறிவிப்புப் பலகைன்னுதான் அர்த்தம். அது மாதிரி ரெண்டு படகு முடிஞ்சாத்தான் மூணாவதுல கை வைக்கணும். மூணாவது விஷயம், மனசுல தூக்கிட்டுத் திரியாதீங்க. முடிக்காத வேலை முடிஞ்சதை விட அதிகமா ஞாபகத்துல நிக்கும்னு ஸைகார்னிக்குங்கிற அம்மா 1927லயே ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாங்க. எழுதி வச்சாத்தான் தூக்கம் வரும். நாலாவது...

மண்டபம் கணக்குப்பிள்ளை:
ஐயா, ரெண்டு படகு முடிஞ்சாத்தான் மூணாவதுன்னா ஆசாரி கெடைக்கணுமே. தடைக்காலத்துல ஆசாரியும் ஒருத்தர்தான், அவரு ஊருக்கே ஒருத்தரு. வந்த அன்னிக்கு எந்தப் படகு திறந்திருக்கோ அதைத்தான் பார்ப்பாரு.

தங்கச்சிமடம் அக்கா:
மனசுல தூக்காதீங்கன்னு ஐயா சொன்னாரே, அது சரி. ஆனா எழுதி வச்சாத் தீர்ந்துருமா? கடல்ல இடுப்பளவு தண்ணியில நிக்கும்போது நோட்டை எங்க வைக்கிறது?

நாங்க பெப்சி பாசிங்கிற கடல்பாசி வளர்க்குறவங்க. 12க்கு 12 அடி மூங்கில் மிதவை, ஆளுக்கு 45. நாளுக்கு ஒண்ணு நாத்துக் கட்டுவோம், 45 நாள்ல அது அறுப்புக்கு வரும், அன்னையிலேருந்து தினமும் ஒண்ணு அறுத்து ஒண்ணு கட்டணும். எங்க குழுவுல அஞ்சு பேரு, 225 மிதவை. எது எத்தனாவது நாள்னு பார்க்குறது என் பொறுப்பு. நான் எழுதவே மாட்டேன். கரைப்பக்கத்துலேருந்து வரிசையா கட்டிக்கிட்டே போனா, நிக்கிற எடமே தேதி.

ஒரு ஐப்பசியில வாடை கொஞ்சம் முன்னாடியே அடிச்சுருச்சு. விடியக்கால போயிப் பார்த்தா நங்கூரக் கயிறு அறுந்து மிதவையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. பன்னெண்டு நாள் பாசியும் நாப்பது நாள் பாசியும் கூட்டத்துல பிள்ளை தொலைஞ்ச மாதிரி. ஒரு கயித்தை இழுத்துப் பார்த்தேன், வெறுங்கயிறு, முடிச்சு மட்டும் இருக்கு. முத்திப்போயி தானா ஒடிஞ்சு போயிருக்கு. எனக்குத் தெரியும்னு நெனச்ச வரிசை மிதவையில இல்ல, என் மண்டையிலதான் இருந்திருக்கு. இப்ப மூங்கில் முனையில வாரத்துக்கு ஒரு கலர் துணி கட்டுறேன். பச்சைத்துணி வெளுத்து வெள்ளை மாதிரி ஆயிருது, அது வேற தலைவலி.

கீழக்கரை மருமகள்:
ரிட்டயர்டு ஐயா, நாலாவது என்னன்னு சொல்லவே இல்லியே.

தொண்டி ரிட்டயர்டு:
மறந்துட்டேன்மா.

கீழக்கரை மருமகள்:
மண்டபம் அண்ணே, அந்தப் படகு என்னாச்சு?

மண்டபம் கணக்குப்பிள்ளை:
மொத நாள் தொழிலுக்குப் போகல. மத்த நாலும் போச்சு, நல்ல மீன்பாடு. அன்னிக்கு இறாலுக்கு நல்ல விலை வேற. சம்மாட்டி திட்டுவாருன்னு தயாரா நின்னேன். அவரு ஜெட்டிப் பாலத்துல உக்காந்து டீயைக் குடிச்சு முடிச்சுட்டு, "வேற என்னென்னப்பா சொல்லியாச்சு?"ன்னு கேட்டாரு.

டைரியைப் பிரிச்சு எண்ணினேன். 11 இருந்துச்சு.