மீன் வாடை விடாத மண்சாடி

வெள்ளவத்தையிலிருந்து:

நீர்கொழும்பில் பெரியம்மாவின் வீட்டை ஒழித்தபோது எனக்குக் கிடைத்தது, வெளியே பழுப்பு மெருகு பூசி உள்ளே வெறும் சுட்ட மண்ணாகவே விடப்பட்ட பழைய சாடி. கொறக்காய் என்ற புளிப்புக் காயும் உப்பும் இட்டு மீன் அடுக்கி வைத்த பாத்திரம் அது. எத்தனை ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்ததோ, மூடியைத் திறந்தால் கூடம் முழுவதும் மீன்சந்தை ஆகிவிடும்.

முதலில் அப்பச்சோடாவைக் குழைத்து உள்ளே பூசி இரண்டு இரவுகள் விட்டேன், வாடை அசையவில்லை. மீன் வாடைக்குக் காரணமான அமைன்கள் காரத்தன்மை கொண்டவை, அப்பச்சோடாவும் காரமே, ஆகையால் ஒன்றை மற்றொன்று வெல்லாது என்பது பிறகுதான் உறைத்தது. மீன் கழுவிய கையில் எலுமிச்சங்காய் தேய்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனாலும் சாடியில் புளிப்பு எதையும் ஊற்ற நான் துணியவில்லை; பழைய மெருகில் ஈயம் இருக்கக்கூடும், அமிலம் அதைக் கரைத்து மெருகையும் மங்கச் செய்யும்.

அடுத்த தவறு பெரியது. விரைவில் உலரட்டும் என்று குளிரூட்டிய அறையில் வைத்தேன். ஒரு வாரத்தில் மெருகின் விளிம்போரம் வெண்பொடி பூத்தது. நகத்தளவு மெருகுச் சில்லு ஒன்று கையோடு வந்தது. மண்ணின் நுண்துளைகளில் ஊறியிருந்த உப்பின் வேலை அது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு நீரை இழுத்துக் கரைகிறது. கொழும்பின் கடற்காற்றில் அப்படிக் கரைந்தே கிடந்த உப்பு, உலர்ந்த அறையில் படிகமாகி மெருகை உள்ளிருந்து தள்ளியிருக்கிறது.

ஆகவே வாடைக்கு முன்னர் உப்பை வெளியேற்றத் தீர்மானித்தேன். பெரிய பிளாஸ்டிக் வாளியில் சாடியை அமிழ்த்தி, வாகன பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும், மீன்தொட்டி வைத்திருப்போர் பயன்படுத்தும் டி.டி.எஸ். மானியால் ஒவ்வொரு முறையும் அளந்தேன். எண் இறங்குவது நின்றபோது ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. (நீருக்குச் செலவான பணத்தை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.) பின்னர் துணி போர்த்தி நிழலில் மெதுவாக உலரவிட்டு, சிரட்டைக்கரியிலிருந்து செய்யப்படும், வாடையை உறிஞ்சும் செயலூட்டிய கரியை மெல்லிய துணிப்பையில் கட்டிச் சாடிக்குள் தொங்கவிட்டு, மூடிய பெட்டியில் மூன்று வாரங்கள் வைத்தேன். இப்போது மழை நாளில் மூக்கை உள்ளே நுழைத்தால் மட்டுமே பழைய நினைவு வருகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா கூறிய நீர்முறையை வர்ணம் தீட்டிய கலங்களிலும் ஒட்டுப்போட்ட கலங்களிலும் எவரும் செய்துவிட வேண்டாம். பூச்சி உருண்டை வாடையுடன் நான் வாங்கிய கூசாவை ஒரே ஓர் இரவு நீரில் வைத்தேன். அந்த உருண்டையிலுள்ள நப்தலீன் நீரில் கரையாது. திறந்த காற்றில் தானே ஆவியாகிப் போகும், எனவே அந்த நீரால் ஒரு பயனும் இருக்கவில்லை. கரைந்தது, கழுத்தில் யாரோ முன்னர் ஒட்டியிருந்த பசைதான். பிறகு கூசாவை மாடத்தில் காற்றுப்பட இரண்டு மாதங்கள் வைத்தேன். இன்று கழுத்து ஓர் அட்டைப்பெட்டியிலும் வயிறு இன்னொன்றிலும் இருக்கின்றன. இரண்டிலும் வாடை இல்லை.