பின் பிளாக்கைத் (pin block) தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர்க்கு வணக்கம்.

பழைய கிராண்ட் பியானோ வாங்குவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒலிப்பலகை, சுத்தியல், மிதிகட்டை எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. பின் பிளாக்கில் மூன்று நாளாக நிற்கிறேன்.

பார்த்திராதவர்களுக்காக: பியானோவில் ஏறத்தாழ 230 எஃகு ஆணிகள் உண்டு. கம்பிகள் அவற்றில்தான் சுற்றப்பட்டிருக்கும். அத்தனை ஆணிகளும் இறங்கி நிற்கிற மரத்துண்டுதான் இது. வார்ப்பிரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதால் வாங்குபவர் கண்ணில் படாது. ஆணியை நகராமல் வைத்திருப்பது மரத்தின் பிடி ஒன்றுதான். மரம் காய்ந்து வெடித்தால் பிடி போச்சு, சுருதியும் போச்சு. இப்போதைக்கு ‘ஆணிப்பலகை’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

———

அன்புடையீர்,

ஆணிப்பலகை வேண்டாம். சாமியார் படுக்கிற ஆணிப்படுக்கைதான் நினைவுக்கு வருகிறது.

நம்மிடம் இல்லாத சொல்லா? பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும் இடத்தைப் பாருங்கள்: ‘அளைவாழ் அலவன் கண்கண் டன்ன துளைவாய் தூர்ந்த துரப்பமை ஆணி’. வளைக்குள் இருக்கும் நண்டின் கண்போலத் துளையை அடைத்து நிற்கும் ஆணி. துரப்பு என்றால் முடுக்குதல். ஆணி, துளை, முடுக்கு மூன்றும் ஒரே அடியில் கிடைக்கின்றன. ‘துரப்பாணிப் பலகை’ என்க. கூடவே, கம்பி என்று எழுதாமல் நரம்பு என்று எழுதினால் நன்று. பியானோவையும் கின்னரப்பெட்டி என்றே…

———

ஐயா, கின்னரப்பெட்டியை இன்னொரு நாள் திறப்போம். இந்த இழை பின் பிளாக்குக்கு மட்டும். (மட்டுறுத்துநர்)

———

எல்லோருக்கும் வணக்கம். நான் பியானோ பழுதுபார்ப்பவன். இலக்கணம் அவ்வளவு தெரியாது, தவறிருந்தால் பொறுக்கவும்.

துரப்பாணி என்றதும் எனக்குத் துளைபோடும் கருவிதான் தோன்றியது. எண்ணெய்த் துரப்பணம் என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்களே, அதுதான். புலவர் ஐயா காட்டிய ஆணியும் யாழின் தோலை இறுக்கிப் பிடிக்கிற ஆணி என்றல்லவா உரைகளில் இருக்கிறது? அது சுருதி சேர்க்கிற ஆணி இல்லை. வீணைக்காரர்கள் பிருடை என்பார்கள். பிருடைப் பலகை என்றால் இசைக்காரருக்கு உடனே புரியும்.

அப்புறம், பலகை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. அது ஒற்றைப் பலகை இல்லை. மேப்பிள் போன்ற கடினமரத் தகடுகளை, ஒன்றின் இழையோட்டத்துக்குக் குறுக்கே இன்னொன்றாக அடுக்கி ஒட்டியிருப்பார்கள். அதனால்தான் ஆணியை நாலு பக்கமும் பிடிக்கிறது. கட்டை என்பதே சரி.

———

பிருடை தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் சொல். அங்கே அது சீசா மூடியும்தான். மூடிப் பலகையா வேண்டும்?

மாடகம் இருக்க ஏன் கவலை? ‘மாடகப் பலகை’.

———

மாடகம் நரம்பை வலிக்கும் கருவி. பியானோவில் ஆணியைத் திருப்ப ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்களே, மாடகம் அதற்குத்தான் பொருந்தும். அதைப் பறித்து இதற்குக் கொடுத்துவிட்டால் நாளை அதற்கு என்ன செய்வோம்?

என் பரிந்துரை முறுக்காணி. முறுக்கு, முறுகு, முரல் மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் துணிபு. முறுக்கினால்தான் நரம்பு முரலும். வண்டு முரல்வதும் சிறகை முறுக்கியே. இதை விரித்து 14 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், விரும்புவோருக்கு அனுப்புகிறேன்.

———

அம்மா, முறுக்கு வல்லின றகரம், முரல் இடையின ரகரம். இரண்டையும் ஒரு வேரில் கட்டினால் அறமும் அரமும் ஒன்றாகிவிடும். ஆனால் முறுக்காணி நல்ல சொல், வேர் இல்லாமலே நிற்கும்.

பிறர் என்ன செய்தார்கள் என்றும் பார்ப்போம். அமெரிக்கர்களுக்கு இது பின் பிளாக். பிரிட்டனில் ரெஸ்ட் பிளாங்க் (wrest plank), அதாவது முறுக்குப் பலகை. ஜெர்மானியர்கள் ஷ்டிம்ஷ்டாக் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், வயலினுக்குள் நிற்கும் சிறு குச்சிக்கும் அவர்களிடம் அதே பெயர். பிரெஞ்சில் சோமியே. அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் பொதிசுமக்கும் விலங்கு, இன்று கட்டில் மெத்தையின் அடித்தளத்துக்கும் அதுவே பெயர். ஆக நாமும் ‘முறுக்காணித் தாங்கி’ என்றால் என்ன?

———

பொறியியலில் தாங்கி என்றால் பேரிங். கையேட்டைப் படிக்கிறவர் குண்டுகளைத் தேடுவார்.

———

இன்னொன்றும் உண்டு. கம்பிகளின் மொத்த இழுவிசை 18, 20 டன் வரை போகும். அதைத் தாங்குவது இரும்புச் சட்டம். இந்த மரத்துக்கு அந்தச் சட்டத்தோடு ஒட்டி நின்று ஆணியைத் திரும்பவிடாமல் பிடிப்பதுதான் வேலை. பொதிமாடு பட்டம் சட்டத்துக்குத்தான் சேர வேண்டும்.

சொல் எதுவானாலும் சரி, வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி கெட்டுவிடக் கூடாது. ஒருமுறை ஒருவர் ‘முழுமையாகப் புதுப்பித்தது’ என்று எழுதிக் கொடுத்த கிராண்டை வாங்கிவிட்டு என்னை அழைத்தார். மேலே கண்ணாடி மாதிரி மெருகு, புதுக் கம்பி, வெள்ளை வெளேரென்ற சுத்தியல் கம்பளம். ஆணியில் கருவியை வைத்தேன், வெண்ணெயில் திரும்புவதுபோல் திரும்பியது. உள்ளே பழைய மரம் அப்படியே. ஆணியை மட்டும் ஓர் அளவு பெரிதாக மாற்றி, துளைகளில் பசையும் ஊற்றியிருந்தார்கள். இவை தவறான வேலைகள் அல்ல, சில காலம் உயிர் கொடுக்கும். ஆனால் அதற்கு முழுமை என்று பெயரில்லை. மரத்தை மாற்ற வேண்டுமானால் கம்பிகளை எல்லாம் கழற்றி, சட்டத்தையும் தூக்கியாக வேண்டும். அதன் விலையே வேறு. ஸ்டெய்ன்வே, பெஷ்டைன், பிளூத்னர் மூன்று நிறுவனமும் தொடங்கியது 1853-ல். அந்தக் காலத்துப் பெயர்களைப் பார்த்ததும் ஆட்கள் மூடியைத் திறக்காமலே பணத்தை எடுக்கிறார்கள். புதுப்பித்தல், சீரமைத்தல், மறுகட்டுமானம் என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். எனக்குப் பின் பிளாக்கைவிட அதுதான் பெரிய விஷயம்.

———

அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். இன்று புதன். முறுக்காணிக் கட்டையா, முறுக்காணிப் பலகையா? வாக்களியுங்கள். (மட்டுறுத்துநர்)

———

கட்டை என்றால் கெட்டது. பாடகருக்கு ஐந்து கட்டை சுருதி, ஆர்மோனியக்காரருக்கு விரல் வைக்கும் கட்டை. இந்தக் கையேட்டிலேயே 88 கட்டைகள் வருகின்றன. ‘கட்டை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்’ என்றால் எந்தக் கட்டை? ஆகவே பலகை.

———

பலகை என்றால் ஒலிப்பலகையோடு குழம்பாதா? அதுவும் வெடிக்கும்.

———

குழம்பாது, முன்னால் முறுக்காணி இருக்கிறதே. ஆணியைப் பிடிக்கும் பலகை, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்கது. எனவே ‘ப்’ மிகும். அச்சில் அதை விட்டுவிடாதீர்கள்.

———

நன்றி. பலகைக்கு ஆறு, கட்டைக்கு நான்கு, துரப்பாணிக்கு ஒன்று. முறுக்காணிப் பலகை என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘பழுதுபார்ப்பவரிடம் பின் பிளாக் என்று கேளுங்கள்’ என ஒரு வரி சேர்த்தேன்.

———

அந்த ஒன்று நான்தான். அந்த ஆணி தோலுக்கானது என்றே வைத்துக்கொள்வோம். துளைக்குள் நண்டுக்கண்போல இறுகி நிற்பது எது, உங்கள் பியானோ ஆணியா இல்லையா? பதில் வரவில்லை.

———

அம்மா, அந்த 14 பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். (பியானோ பழுதுபார்ப்பவன்)